தங்க ரேக்கும் மூடிய ஜன்னலும்

படச்சட்டங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது அந்தக் கணவன் மனைவியின் தொழில். ரேக்கு என்னும் அந்தத் தங்கத் தாள், மூச்சுக் காற்றுக்கே சுருண்டு பறந்துவிடும் அளவுக்கு மெல்லியது. ஆகையால் வேலை நடக்கும் அறையில் மின்விசிறி சுழலாது, ஜன்னல் திறக்கப்படாது. அடைத்த அந்த அறைக்குள்தான், ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே, பிரேம்காரர் சிகரெட் பிடிப்பார். கல்யாணமான நாள் முதல் அவருடைய மனைவி எதிரே அமர்ந்து பிரஷ் பிடித்து வந்தார். ஜன்னலைப் பற்றி அவர்கள் பரிமாறிக்கொண்ட சொற்களை, நாகரிகம் கருதி, முழுமையாக இங்கே எழுத இயலாது.

மருத்துவமனை ஒன்று, புகைபிடிப்பவர்களின் ரத்தக் குழாய்களையும் அவர்களுடைய குடும்பத்தாரின் ரத்தக் குழாய்களையும் ஆராய்வதற்காக, பரிசோதனைக்கு வர ஆள் தேடியது.

"பார்த்துடலாம்" என்றார் பிரேம்காரர். "எனக்கு நல்லா இருக்குன்னு வந்துட்டா, அப்புறம் நீ ஜன்னல் பேச்சையே எடுக்கக் கூடாது."

"நல்லா இல்லன்னா?"

"வெளிய போய்ப் பிடிக்கிறேன். போதுமா?"

"உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அப்புறம் பேச்சு மாறாதீங்க."

பரிசோதனைக்கு முன் புகைபிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனவே பிரேம்காரர் யாரைக் கடிக்கலாம் என்று தேடும் முகத்தோடு கட்டிலில் படுத்திருந்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் அவருடைய முன்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கினார்.

"கைக்குப் போற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கேன் சார். விட்டதும் வேகமாப் பாயும். குழாயோட உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கு. அது நல்லா இருந்தா அந்த வேகத்தை உணர்ந்து குழாயை விரிய வைக்கும். அது கெட்டுப்போனா குழாய் விறைச்சுக்கும், கொழுப்பு படியும், ஒருநாள் மாரடைப்புலயும் கொண்டுபோய் விடலாம்."

"எனக்குத்தான் முன்னாடி டெஸ்ட் எடுத்தப்பவே அடைப்பு இல்லன்னு சொல்லிட்டாங்களே?"

"அடைப்பு பின்னாடி வர்றது சார். படலம் அதுக்கு ரொம்ப முன்னாடியே கெட ஆரம்பிச்சிடும்."

"மெல்லிசா இருக்கிறதப் பத்தி எனக்கே பாடமா?"

நாற்காலியில் அமர்ந்திருந்த மனைவி குறுக்கிட்டார். "அது கண்ணுக்குத் தெரியலைம்மா. தெரிஞ்சிருந்தா அதையும் உரிச்சு சட்டத்துல ஒட்டியிருப்பார்."

"கையைக் கட்டிப் போட்டுட்டாங்கன்னு துள்றியா?"

"வாயையும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கணும்."

"தயவுசெஞ்சு பேசாதீங்க, படம் ஆடுது" என்று அந்தப் பெண் கெஞ்சினார்.

பட்டை தளர்ந்தது. திரையில் தெரிந்த குழாய் பெயருக்குத்தான் விரிந்தது. பிறகு மனைவி படுத்தார். அவருடைய குழாயும் ஏறக்குறைய அதே அளவோடு நின்றுவிட்டது. பிரேம்காரர் திரையருகே எட்டிப் பார்த்தார்.

"இவளுக்கும் விரியலதானே?"

"ஆமா சார். ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. டாக்டர் மத்ததையும் பார்த்துத்தான் சொல்லுவார்."

அன்று காலை முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. "கேட்டுக்கோ! சிகரெட்டையே தொடாதவளுக்கும் இதே லட்சணம்னா, சிகரெட் மேல என்ன தப்பு? நான்தான் ஜெயிச்சேன்."

ஸ்கேன் எடுத்த பெண் தயங்கி மனைவியைப் பார்த்தார். "அம்மா, சார் எங்க உக்காந்து பிடிப்பார்?"

"எனக்கு எதிர்ல. ஜன்னலைச் சாத்திட்டு."

"பக்கத்துல இருக்கிறவங்க இழுக்கிற புகையும் அந்தப் படலத்தைக் கெடுக்கும்மா. நிறுத்திட்டா கொஞ்சம் கொஞ்சமாத் தேற வாய்ப்பு இருக்கு."

"தேறிடும்ல? அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்று செருப்பைத் தேடினார் பிரேம்காரர்.

மனைவி உடனே எழவில்லை. முன்கையில் பட்டை பதித்த சிவந்த தடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமும் உங்க நெஞ்சுக்காகத்தான் கத்தினேன்" என்றார். "எனக்கும் ஒண்ணு இருக்கேன்னு தோணவே இல்ல பாருங்க."

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் பிரேம்காரர் ஜன்னலைச் சாத்தினார். பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று காத்திருந்தது. ரேக்கு வைத்து வெட்டும் சிறிய தோல் மெத்தையில் தாள்களைப் பரப்பிவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"வெளிய போறேன்னு சொன்னீங்க."

"அது நான் தோத்தாத்தானே? வேலை நேரத்துல வம்பு பண்ணாத. பிரஷ்ஷை எடு."

மனைவி எழுந்தார். பிரஷ்ஷை எடுக்கவில்லை. ஜன்னலின் இரண்டு கதவுகளையும் ஒரே தள்ளில் திறந்தார். காற்று அறைக்குள் புகுந்தது. மெத்தையிலிருந்த ரேக்குகள் எழுந்து சுவரிலும் தரையிலும் பிரேம்காரரின் மீசையிலும் ஒட்டின.

"அடிப்பாவி! எல்லாம் போச்சுடி! சாத்துடி அதை!"

"சிகரெட்டை வெளிய போட்டுட்டு வாங்க. நானே சாத்துறேன்."

"இது என் வீடு!"

"ரத்தக் குழாய் என்னுது."

அவர் ஜன்னலை நோக்கி வந்தார். மனைவி கம்பிகளில் முதுகைச் சாய்த்து, வழியை மறித்து நின்றார். ஒருவர் முகத்தில் தங்கம் மின்னியது. மற்றவர் முகத்தில் எதுவும் மின்னவில்லை. சிகரெட் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. அவர் அதை அணைக்கவில்லை. மனைவி அங்கிருந்து அசையவும் இல்லை.