இரண்டாவது டிரம்பெட்

டிரம்பெட் உச்ச சுரத்தைத் தொடும்போதெல்லாம் ஒலிநாடாவில் காற்று கசிவதுபோல ஒரு சீறல் விழுந்தது. முதல் பதிவில் இல்லை, இரண்டாவதில் மட்டும். ஒலிப்பதிவாளன் ஆர்வில் மைக்கை மாற்றினான், கேபிளை மாற்றினான். சீறல் போகவில்லை.

போன வருடம் ஹாலிவுட்டின் எல்லா கார் ரேடியோவிலும் ஒலித்தது லென்னியின் இசைக்குழு போட்ட முதல் ஆல்பம்தான். அட்டையில் ஏழு பேர் சிரித்தாலும் டிரம்பெட் ஊதியது அவன் ஒருவன்தான். தான் ஊதியதைக் கேட்டபடியே அதன்மேல் இன்னொரு தடவை ஊதுவான். இரண்டும் மயிரிழை விலகி நிற்கும். அந்த விலகல்தான் ஜனங்களுக்குப் பிடித்த ஓசை.

“உன் மெஷினுக்கு ஆஸ்துமாடா,” என்றான் லென்னி, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து.

“மெஷினுக்குன்னா எல்லா சுரத்துலயும்ல இழுக்கும். டிரம்பெட்டைக் கீழ வச்சிட்டு வெறும் உதட்டால ஊது.”

லென்னி சிரித்தான். ஊதவில்லை.

“ஊதுறா.”

உதடுகள் தேனீபோல் ரீங்கரித்தபடி படிப்படியாக ஏறின. உச்சிக்கு ஒரு படி கீழே வரை சீராக இருந்தது. உச்சியில் ஒலி அறுந்து மூச்சு மட்டும் வந்தது. மேலுதட்டின் நடுவில் சதை நிறம் செத்துப் பள்ளமாகக் கிடந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“காலையில நல்லாத்தான் இருக்கும். ஒரு தடவை ஊதினதும் மரத்துடுது. டாக்டர் ஆறு மாசம் தொடாதேங்கிறாரு. உதட்டுத் தசை கிழிஞ்சா ஒட்டாதாம்.”

“அடுத்த மாசம் மேடைடா. டிக்கெட் வித்தாச்சு.”

“அதை நான் பாத்துக்கறேன். நீ பாட்டை முடிச்சுக் குடு.”

அந்த உச்ச சுரத்தை நாடாவில் கொண்டுவர ஆர்விலுக்கு ஒரு வழி தெரியும். அதுதான் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் இவன் இன்றைக்கே உதட்டைக் கிழித்துக்கொள்வான். சொன்னால், நாடாவில் கேட்ட சுரம் தன்னுடையதுதான் என்று நம்பி மேடையில் போய் நிற்பான். அதற்குள் லென்னி டிரம்பெட்டை மறுபடி வாயில் அழுத்திவிட்டான்.

“நிறுத்து,” என்றான் ஆர்வில். நாடா சுற்றும் வேகத்தைக் குறைத்தான். ஹெட்ஃபோனில் வாத்தியங்கள் எல்லாம் அரைச் சுரம் இறங்கித் தூக்கத்தில் நடப்பதுபோல் இழுத்தன. “இதுக்குச் சரியா ஊது.”

லென்னி ஊதினான். உதடு தாங்கியது. ஆர்வில் நாடாவைப் பழைய வேகத்தில் ஓடவிட்டான். கீழே ஊதியதெல்லாம் அரைச் சுரம் மேலேறி, உச்ச சுரம் சீறல் இல்லாமல் அதன் இடத்தில் நின்றது.