எல்லாக் கிளாஸிலும் காபிக்கொட்டை

கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் கிரீமை ஊற்ற வேண்டும். கரண்டியின் நுனி கிளாஸின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, சின்னக் குழந்தைகூடச் செய்யும் என்று நான் பார்த்த செய்முறை வீடியோவில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. நான் ஊற்றிய முதல் சில கிளாஸ்கள் கலங்கிப்போய்ச் சேற்றுத் தண்ணீர் மாதிரி நின்றன. எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினேன்.

மொத்தம் மூன்று அடுக்கு. அடியில் சர்க்கரைப் பாகில் காய்ச்சிய கெட்டிக் காபி. நடுவில் டின் பால் கலந்த கிரீம். மேலே ரம். இனிப்பு கனம் என்பதால் கீழே தங்கிவிடும், ரம் லேசு என்பதால் மேலே மிதக்கும். பொறுமையாக ஊற்றினால் மூன்றும் கோடு போட்டதுபோலத் தனித்தனியாக நிற்கும். அந்தப் பொறுமைக்கும் எனக்கும்தான் ஏழாம் பொருத்தம்.

"கரண்டி கிளாஸ்ல இடிக்குது பாரு," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "சத்தமே கேக்கக் கூடாது."

"நீங்க இந்தப் பக்கம் வராதீங்க!"

"வரலம்மா. இங்கேருந்துதான் சொல்றேன்."

அவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலத்தில், ஒரே மடக்கில் குடிக்கிற இந்த மூன்றடுக்கு ஷாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நான் வேலை பார்க்கிற பார்சல் கிடங்கின் ஆண்டு விழாவில் இவர் வரிசையாக ஊற்றிக் கொடுக்க, ஆட்கள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள். கடைசியில் மேஜை மேல் ஏறி ஆடினார். எல்லோரும் விசிலடித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, அதோடு குடியை விட்டார். வெளியூரில் வேலை என்று எல்லோரிடமும் நானே கதை கட்டினேன். அவருடைய அக்காவுக்குக்கூட உண்மை தெரியாது. பொய் சொல்வதில் எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. அவரை யாராவது ஒரு மாதிரி பார்த்துவிடுவார்களோ என்பதுதான் என் பயமெல்லாம்.

எனக்கு ஷிப்ட் சூப்பர்வைசராகப் பதவி உயர்வு வந்தது. பார்சல் பிரிக்கிற இடத்தில் இத்தனை வருஷம் கத்திய கத்தலுக்குக் கிடைத்த கூலி. விருந்து எப்போது, விருந்து எப்போது என்று ஆளாளுக்குப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒரு படி மேலே போய், ரம் பாட்டிலை வாங்கி என் கையிலேயே திணித்துவிட்டான். "அண்ணன் கை ஷாட் இல்லாம பார்ட்டியா மேடம்?" என்றான். வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? ஈயென்று இளித்தேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "செஞ்சு குடு. நான் தண்ணி டம்ளரோட நிக்கிறேன்," என்றார்.

"அவன் விடுவானா? ஒண்ணே ஒண்ணுண்ணே, ஒண்ணே ஒண்ணுண்ணேன்னு வாயில ஊத்திட்டுத்தான் மறுவேலை பாப்பான். ஏன் குடிக்கலன்னு நாலு பேரு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"விட்டுட்டேன்னு சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது."

ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எல்லாக் கிளாஸிலும் ரம். ஒன்றில் மட்டும் ரம்முக்குப் பதிலாகச் சர்க்கரை போடாத கடுங்காபி, தண்ணீர் விட்டு அதே நிறத்துக்கு இளக்கியது. அதுவும் மேலே மிதந்து நிற்கும். பார்த்தால் பிரம்மனுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அந்தக் கிளாஸில் ஒரு வறுத்த காபிக்கொட்டையை மிதக்கவிட்டேன். "கொட்டை இருக்கறது உங்களுது, மறந்துடாதீங்க," என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அவர் சரி என்றார்.

ஒருவழியாக அடுக்குகள் நின்றன. கோடுகள் கொஞ்சம் அலைபாய்ந்துதான் இருந்தன. போகட்டும், என் மனசும் அப்படித்தான் இருந்தது. தட்டை ஃபிரிட்ஜில் வைத்து மூடினேன். மறுபடி திறந்தேன். கொட்டை இருந்தது. மூடினேன். கூடத்துக்குப் போய் நாற்காலிகளை நகர்த்தினேன், நகர்த்தினதையே திரும்ப நகர்த்தினேன். "கொஞ்சம் உக்காரேன், பாக்கிற எனக்கே தலை சுத்துது," என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. உதவி செய்கிறேன் என்று இறங்கினால் யாராலும் நிறுத்த முடியாது. "நீ போய் முதல்ல புடவையை மாத்து. மூஞ்சியெல்லாம் கிரீமு," என்று என்னை அறைக்குள் தள்ளிவிட்டார்.

புடவையைக் கட்டி முடித்து வெளியே வரும்போது என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்தபடி. உள்ளே வேறு யாரும் இல்லை. ரம் பாட்டில் மேடைமேலேயே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்து ஒளித்துவைக்க மறந்திருந்தேன்.

"உள்ள என்ன வேலை உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா," என்றார்.

தினமும் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வரும்போது ஓடிப்போய்க் கருவிப் பையை வாங்கிக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குப் பாசம். ஆனால் நான் பக்கத்தில் நின்று மூச்சை இழுப்பேன். வாசனை இல்லையென்றால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். இன்றைக்கும் மோந்து பார்த்துவிடலாம் என்று நெருங்கினேன். அழைப்பு மணி அடித்துவிட்டது. அவர் கதவைத் திறக்கப் போய்விட்டார்.

நான் சமையலறைக்குள் ஓடினேன். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். குறைந்திருந்தது. நானும்தான் ஊற்றினேன், கலங்கினதையெல்லாம் கொட்டினேன். எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்று தலைகீழாக நின்று யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகினேன்.

அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. மேனேஜர், கணக்குப் பார்க்கிற அம்மா, பார்சல் ஏற்றுகிற பையன்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். "எங்க மேடம் சரக்கு?" என்றான். நான் ஃபிரிட்ஜைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டு தட்டோடு வெளியே வந்துவிட்டார். முகமெல்லாம் பெருமை.

"ஒண்ணுல மட்டும் காபிக்கொட்டை போட்டுட்டு மத்ததுல மறந்துட்டியேம்மா. பாக்க எவ்வளவு அழகா இருந்துச்சு! நீ புடவை மாத்தப் போனப்ப எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போட்டுட்டேன்."

நான் தட்டைப் பார்த்தேன். அத்தனை கிளாஸிலும் ஒரு கொட்டை, கண் விழித்துப் பார்க்கிற மாதிரி. கடவுளே! ஏன் அண்ணி, நான் உங்களுக்கு என்ன பாவம் செய்தேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

"குடுங்க அண்ணி, நான் குடுக்கறேன்," என்று தட்டைப் பிடுங்கினேன். பிடுங்கி மட்டும் என்ன செய்ய? எது அவருடையது? என் கோடுகள் எல்லாமே ஒரே லட்சணத்தில் கோணலாகத்தான் இருந்தன. தட்டைச் சாய்த்துக் கீழே போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நாலாபக்கமும் கைகள் நீண்டன. ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். நான் எட்டி எட்டி அவரைத் தேடினேன். அவரிடம் ஜாடை காட்டிவிட வேண்டும், எடுக்காதீங்க என்று.

அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் இருந்தது.

எப்போது எடுத்தார்? நான் பார்க்கவே இல்லை. கண்ணை உருட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கிளாஸை லேசாக உயர்த்திக் காட்டினார். தட்டைப் பார்த்தேன். ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது. நாத்தனார் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மெதுவாகத் திரும்பி நின்று அதன் மேலடுக்கில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கசப்பு. வெறும் கசப்பு. எரிச்சல் இல்லை, ரம் இல்லை. கடுங்காபி.

அவருடைய கிளாஸ் என் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அவர் கையில் இருப்பது ரம்.

"அண்ணே, மேடத்துக்காக ஒரே மடக்கு!" என்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கத்தினான். எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். உதட்டுக்குப் போனது.

"குடிக்காதீங்க! அதுல ரம் இருக்கு!"

கிடங்கில் கத்துகிற குரல் அது. கூடம் அப்படியே நின்றுவிட்டது.

"ரம் இல்லாம பின்ன மோரா மேடம் இருக்கும்?" என்றான் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அவ்வளவு நாள் கிடந்தது போதாதா? இனிமே தொட்டா ஆள் இல்லன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா? நான் ஊர் பூரா பொய் சொல்லிக்கிட்டு..."

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் கிளாஸை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்குப் பார்க்கிற அம்மா தரையைப் பார்த்தார். யாரும் அவரை ஒரு மாதிரி பார்த்துவிடக் கூடாது என்று மழைக்காலத்திலிருந்து கட்டிக் காத்ததை நானே நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கிளாஸை என் பக்கம் நீட்டினார். "நீயே குடிச்சுப் பாரு."

வாங்கினேன். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அதன் கோடுகள் கொஞ்சமும் அலையாமல், அளந்து வைத்ததுபோல நேராக நின்றன. என் கையால் ஜென்மத்துக்கும் அப்படி வராது. ஒரே மடக்கில் குடித்தேன். காபி, கிரீம், இனிப்பு. ஒரு சொட்டு ரம் இல்லை.

"அக்கா எல்லாத்துலயும் கொட்டை போடறதப் பாத்தேன்," என்றார் தாழ்ந்த குரலில். "எது எதுன்னு எனக்கும் தெரியல. மிச்சமிருந்த காபில எனக்குன்னு ஒண்ணு தனியா ஊத்தி வச்சுக்கிட்டேன்."

பின்னாலிருந்து நாத்தனார், ஒன்றும் விளங்காமல், காலிக் கிளாஸை நீட்டினார். "எனக்கு இன்னொண்ணு இருக்கா?"

"அண்ணே, குடிக்கிறதில்லையா?" என்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கேட்டான். அவன் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"இல்லப்பா. விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நான் பாட்டில் வாங்கியே வந்திருக்க மாட்டேனே."

"அதனால என்ன? நீ குடி." அவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பழைய இடத்திலேயே நின்றார். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அவரிடம் தன் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுபோவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எல்லோரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "தனியா ஊத்தினத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருப்பேன். ரம் பாட்டில் பக்கத்துல நின்னு ஊத்தினேன்னு சொன்னா நீ மோந்து பாப்ப," என்றார். "தினமும் பைய வாங்குற மாதிரி வந்து நிக்கிறியே, அப்படி."

என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. தெரியாது என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் தெரிந்தே பையைக் கொடுத்திருக்கிறார், தெரிந்தே நின்றிருக்கிறார். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் சாயங்காலம் வாசல் பக்கமே போகக் கூடாது என்று அடுப்படியில் நின்றேன். கதவு திறந்தது. பையை அவரே கீழே வைக்கிற சத்தம் கேட்டது. என் கால் வாசலுக்கு ஓடப் பார்த்தது. அடுப்பு மேடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார்.

அவரே உள்ளே வந்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, குனிந்து, என் முகத்தில் "ஃபூ" என்று ஊதினார்.

"போதுமா?" என்றார்.

"போங்க அந்தப் பக்கம்," என்று கரண்டியால் ஒன்று வைத்தேன்.