மணிக்கு மூன்று கொட்டேஷன்

என் மகள் அபிநயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்னும் முடியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். அடித்த கையோடு கயிறு அறுந்து, மணி கீழே விழுந்து இரண்டாகப் போயிற்று. பழைய வெண்கலத் தட்டு. மணி அடித்தால்தான் பீரியட் முடியும். மணி இல்லை. அதனால் குளோரி டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நிறுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது.

எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வேளையும் அம்மாக்கள் ஜன்னல் கம்பி வழியாகத் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வருவோம். அபியின் முன்பல் விழுந்தது முதல் பீரியடில். கம்பி வழியாக என் உள்ளங்கையில் வைத்தாள். புதுப் பல் முளைத்ததும் அதே பீரியடில்தான். அதையும் நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். மற்ற அம்மாக்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ, என்னால் முடியவில்லை.

நான் செல்வக்கனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு வெண்கலத் தட்டு இருந்தது. அதையும் ஒரு மரச் சுத்தியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். நாய்கள் ஓடின. உள்ளே போய் ஓங்கி அடித்தேன். சத்தமே வரவில்லை.

ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார்.

"இருப்புப் பதிவேட்டுல ஏறாத பொருள் ஸ்கூலுக்குள்ள சத்தம் போடாதும்மா."

"ஏத்துங்க சார்."

"மாவட்ட ஆபீஸ் வாங்கிக் கொடுத்தாத்தான் ஏத்த முடியும்."

"வாங்க வேண்டாம். இனாமாவே தர்றேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார்.

"இனாமா? அதுக்கு ஃபாரமே கிடையாது. பேசாம வித்துடுங்க. அதான் சுலபம்."

உள்ளே குளோரி டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாயிரத்து முந்நூறு ஏழு நாற்பத்து நாலாயிரத்து நூறு. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அதில் அபியின் குரலை மட்டும் நான் தனியாகக் கேட்டேன். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

கொள்முதல் பிரிவு வராந்தாவில் ஆறாவது கதவு. ஐந்தாவது கதவைத் தாண்டினேன். அடுத்ததும் ஐந்தாவது கதவாகவே இருந்தது. இப்படி மத்தியானம் வரை நடந்தேன். எதிரே வந்த டீக்காரர் என் கையைப் பார்த்தார்.

"வெறுங்கையோட போனா வராந்தா நீளும்மா. ஏதாவது பேப்பரைக் கையில பிடிங்க."

கைப்பையில் மளிகைச் சீட்டு இருந்தது. எடுத்துப் பிடித்தேன். ஆறாவது கதவு வந்துவிட்டது.

உள்ளே வேதமாணிக்கம் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று.

"கண்காணிப்பாளர் ஐயா," என்று பீரோவைக் காட்டினார். "போன வருஷம் பதவி உயர்வு."

பீரோவுக்கு வணக்கம் வைத்தேன். அது லேசாகக் கிறீச்சிட்டது.

"மணி விக்க வந்திருக்கேன் சார்."

"இதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு எதுவும் சப்ளை பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"மூணு வருஷம் சப்ளை பண்ணியிருந்தாத்தான் சப்ளை பண்ண முடியும்."

"முதல் வருஷக்காரங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"முதல் வருஷக்காரங்க யாரும் இதுவரைக்கும் வந்ததில்லையே."

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. மேஜையைத் தட்டியிருப்பேன். மேஜை மேல் அவருடைய தயிர்சாதம் இருந்தது. அதனால் கைப்பையைத் திறந்து தேடினேன். மூன்று துண்டுச் சீட்டுகள் கிடைத்தன. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு ஜூனிலும் அபியைக் கொண்டுபோய் விட்டபோது பள்ளியில் சீல் வைத்துக் கொடுத்தது. மூன்றிலும் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது.

வேதமாணிக்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பொருள், பெண் குழந்தை. எண்ணிக்கை, ஒன்று. மூணு வருஷம் தொடர்ச்சியா சப்ளை. நல்ல நிலைமையில கொடுத்தீங்களா?"

"எண்ணெய் தேய்ச்சு, தலை பின்னி, பூ வச்சுக் கொடுத்தேன் சார்."

"பொருள் திரும்பி வந்ததா?"

"ரெண்டு வருஷம் தினமும் சாயங்காலம் வந்துச்சு. இந்த வருஷம்தான் வரல."

அவர் அதை ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டார். சப்ளையர் எண் கொடுத்தார். என்னை யாராவது இதற்கு முன் இவ்வளவு மரியாதையாக நடத்தியிருக்கிறார்களா என்று யோசித்தேன். இல்லை.

"இனி மூணு கொட்டேஷன் வேணும்," என்றார்.

"நான் ஒருத்திதானே சார் விக்கிறேன்?"

"உங்களுது ஒண்ணு. மத்த ரெண்டு கடையோடதையும் நீங்களே கொண்டுவாங்க. உங்க விலையை விடக் கூடுதலா இருக்கணும். எல்லாரும் இப்படித்தான் கொண்டுவர்றாங்க."

"வேற கடைக்கு நான் எங்க போறது?"

"எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்குப் போங்க."

ஜெராக்ஸ் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. வெற்று லெட்டர்பேடு இரண்டும், நிரப்ப வேண்டிய வரிகள் அச்சடித்த கொட்டேஷன் ஃபாரம் மூன்றும் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று எழுதினேன். என் கொட்டேஷனை வலது கையால் எழுதினேன். வெண்கல மணி ஒன்று. எத்தனை அடி என்ற இடத்தில், லாங் பெல் என்று போட்டேன். ஒரு அடி அடித்தால் ஒரு பீரியட்தான் முடியும். விடாமல் அடித்தால்தான் பள்ளிக்கூடம் விடும்.

இரண்டாவது கடைக்கு ஏதோ ஒரு பேர் வைத்து, யாருக்கும் புரியாதபடி கிறுக்கிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதற்கு மாசிலாமணி டிரேடர்ஸ் என்று பேர் வைத்தேன். கையெழுத்து வேறு மாதிரி இருக்கட்டும் என்று அதை இடது கையால் எழுதினேன். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்தது. கை வலித்தது. எத்தனை அடி என்ற இடத்தில் ஒன்று என்று போட்டு முடித்துக்கொண்டேன். ஒரு அடிக்கு என்ன பெரிய விலை என்று கை தானாகவே விலையையும் குறைத்துப் போட்டுவிட்டது. இருபது வருஷமாக வியாபாரம் செய்கிற கை. நான் கவனிக்கவில்லை.

வேதமாணிக்கம் மூன்று உறைகளுக்கும் உள்வரவு எண் போட்டு பீரோவுக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார். உள்ளே கொஞ்ச நேரம் இருமல் சத்தம் கேட்டது. பிறகு கதவு இடுக்கு வழியாக ஒரு தாள் வந்தது.

"மாசிலாமணி டிரேடர்ஸ்," என்று வாசித்தார். "குறைஞ்ச விலை. ஆர்டர் அவருக்கு."

பீரோ பக்கம் பாய்ந்தேன்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது சார்!"

"உள்வரவு எண் விழுந்திருச்சேம்மா. ஆள் இல்லாம எண் எப்படி விழும்?"

கதவு திறந்தது. இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் முகம் எப்படி இருந்தது என்று என்னால் கடைசி வரை படிக்க முடியவில்லை. தோற்றதற்கு வருத்தப்பட்டாரா என்பதும் தெரியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் இடது பக்கம் சாய்ந்து நின்றார்.

"வணக்கம். மாசிலாமணி டிரேடர்ஸ். பரம்பரையா மணி வியாபாரம்."

அடப்பாவி. பிறந்து அரை மணி நேரம் ஆகவில்லை.

ஆர்டரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, எங்கிட்ட மணி இல்ல."

"தெரியும்."

"கடையும் இல்ல. லெட்டர்பேடு மட்டும்தான் இருக்கு."

"அதுவும் நான் வாங்கினதுதான்யா!"

கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனை அறையலாம் என்று தோன்றியது. எழுதினது என் கைதானே, யாரை அறைவது? புகார் கொடுத்தால் ஆர்டர் ரத்து. அடுத்த நிதியாண்டில் முதலிலிருந்து. அதுவரை அபி ஜன்னலுக்கு அந்தப் பக்கம். கக்கத்திலிருந்த தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"கொண்டுபோய் சப்ளை பண்ணு."

"உங்க பேரு வராதேக்கா?"

"என் பேரு வந்து என்ன ஆகப்போகுது? என் பிள்ள வரணும்."

மறுநாள் காலை பள்ளிக்குப் போனோம். வேதமாணிக்கம் சரிபார்க்க வந்திருந்தார். அம்மாக்கள் எல்லோரும் கேட்டில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் தட்டைப் பதிவேட்டில் ஏற்றினார். வேப்பமரத்தில் கட்டினார்கள். நான் அப்போதுதான் ஆர்டரை முழுதாக வாசித்தேன். எத்தனை அடி: ஒன்று.

எனக்கு உயிரே போய்விட்டது. வராந்தாவில் அறிவியல் வாத்தியார் ஏழு மாதமாக சாக்பீஸோடு நிற்கிறார். ஒரு அடி விழுந்தால் குளோரி டீச்சர் வெளியே வருவார், இவர் உள்ளே போவார். அப்புறம் இரண்டாவது பீரியட். இன்னொரு ஆர்டர், இன்னொரு ஏழு மாதம். ஒரு நாளைக்கு எட்டு பீரியட். அபி வெளியே வரும்போது என் உயரம் இருப்பாள்.

மாசிலாமணி சுத்தியை ஓங்கிவிட்டான்.

"நில்லு!" என்றேன்.

ஆர்டரின் கடைசி வரியைப் பார்த்தேன். ஓசை நிற்க வேண்டிய நேரம் என்று இருந்தது. பக்கத்தில் வெறும் கோடு.

"இது என்ன கோடு சார்?"

"கொட்டேஷன்ல யாரும் நிரப்பல. நான் கோடு போட்டுட்டேன்," என்றார் வேதமாணிக்கம்.

"அப்போ சத்தம் எப்ப நிக்கணும்?"

அவர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"ஆர்டர்ல இல்லையே."

"ஆர்டர்ல இல்லாததைச் செய்யலாமா?"

"கூடவே கூடாது," என்றார். அவர் குரலில் முதல்முறையாக உயிர் இருந்தது.

"அடிய்யா மாசிலாமணி!"

அடித்தான். ஒரே அடி.

டாங் என்று கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. வேப்பிலைகள் உதிர்ந்தன. அறிவியல் வாத்தியார் ஒரு காலை உள்ளே வைத்தார். சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. காலை எடுத்துவிட்டார். உள்ளே குளோரி டீச்சர், ஆறாயிரத்து முந்நூற்று முப்பத்தொண்ணு ஏழு, என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். உட்கார்ந்தார். ஏழு மாதத்தில் முதல்முறையாகத் தண்ணீர் குடித்தார்.

"லாங் பெல்லு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. அது என் பிள்ளை.

அப்புறம் யார் யாரைப் பிடிப்பது? கதவு, ஜன்னல், எல்லா வழியிலும் பிள்ளைகள் வந்தார்கள். ஏழு மாதம் வளர்ந்ததில் பாவாடையெல்லாம் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அம்மாக்கள் தூக்குவாளிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினோம். அபி என் மேல் வந்து மோதினாள். நான் அழுதேன், சிரித்தேன், வேதமாணிக்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். டெண்டரில் தோற்றவள் நான்தான் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

மாசிலாமணி நேராக நிமிர்ந்து நின்றான். ஹெட்மாஸ்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டான். 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான். இப்போது என் கடையில்தான் இருக்கிறான். வியாபாரத்தில் கெட்டிக்காரன்.

மணி இன்னும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டுக்கொண்டே இருக்கிறது. போன வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓசையை நிறுத்தித் தருவதற்கு மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்.

"போடலாமாக்கா?" என்றான் மாசிலாமணி.

கடிதத்தை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் அபி கடை வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். புதுப் பல்லால் கடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடையில் ஜன்னல் கம்பி இல்லை.

"அபி, ஏழெட்டு எவ்வளவு?"

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். வானத்தைப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சும்மா."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னேன்.