வில்பிரட்டின் வண்டி கடந்து போகும்வரை

எங்கள் வீட்டு யன்னல் திரைச்சீலையை நான் மூடுவதில்லை. பனிக்காலத்திலும் இல்லை, இரவிலும் இல்லை. நான் உடுப்பு மடிப்பதும் ஏஞ்சலா பாடம் படிப்பதும் எதிர்க் கட்டடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

டொறத்தி சொன்ன ஒரு கதையால் வந்த பழக்கம் இது. டொறத்தி எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலக் கிழவி. நான் தொழிற்சாலைக்குப் போகும் நேரங்களில் என் மகள் ஏஞ்சலாவைப் பார்த்துக்கொள்பவர். அவரும் கணவர் வில்பிரட்டும் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தை விட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அங்கே ஒரு சாவு விழுந்தால் பிரேதம் போகும் தெருவிலுள்ள எல்லா வீடுகளிலும் முன்பக்கத் திரைச்சீலையை மூடுவார்களாம். பெட்டி கடந்து போகும்வரை ஒருவரும் திறக்கமாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகூட மூடும்.

அதைக் கேட்ட அன்றிரவு சீலையை இழுக்கப் போன என் கை நின்றுவிட்டது. என் கணவர் கஸ்பர் ஊரில் சண்டை நடந்த காலத்தில் கிளாலிக் கடலைக் கடக்க வள்ளம் ஏறியவர். அதற்குப் பிறகு செய்தி இல்லை. கரை சேர்ந்தவர்களிலும் அவர் இல்லை, கரையொதுங்கிய உடல்களிலும் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுத்துவிடாதே என்று மாமி ஊரிலிருந்து எழுதுகிறா. நான் கறுப்பு உடுக்கவில்லை. சிவப்பையும் தொடுவதில்லை. இந்த வீட்டில் ஒரு சாவை வெளியே சொல்லக்கூடியதாக இருந்தது அந்தச் சீலை ஒன்றுதான். யாருடைய ஊர் வழக்கமோ. பயம் மட்டும் என்னுடையதாகிவிட்டது.

ஏப்ரல் மாதம் வில்பிரட் இறந்தார். அடுத்த நாள் டொறத்தி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். வண்டி மயானத்துக்குப் போகும் வழியில் எங்கள் கட்டடத்தின் முன்னால் மெதுவாகப் போகும், அதற்கு ஒழுங்கு செய்துவிட்டேன் என்றார். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி தன் தங்கையின் சாவுக்கு ஊருக்குப் போன கதையைச் சொன்னார். பாதி வீடுகளை லண்டன்காரர்கள் வாங்கியிருந்தார்களாம். ஒரு யன்னலில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவத் தொடங்கினான்.

"அங்கேயே இல்லாததை இங்கே எதிர்பார்ப்பது பைத்தியம்," என்றார். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை விடவில்லை. "யாருமே சாகாதது மாதிரி அவர் போகக் கூடாது, மக்டலீன்."

நான் எல்லோரிடமும் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என் யன்னலும் முன்பக்க யன்னல் என்பது உறைத்தது. மற்றவர்கள் எல்லோரும் மூடினால் என்னுடையது திறந்திருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அந்த நினைப்பில்தான் நான் கதவு கதவாக ஓடினேன். இரக்கத்தால் அல்ல.

பாலேஸ்வரி அன்ரி கதவைத் திறந்து இடுப்பில் கைவைத்துக் கேட்டா. "பட்டப்பகலிலை யன்னல் கேட்டினை மூடுறதோ? ஏன் பிள்ளை, வெள்ளையளுக்கும் செத்தவீட்டுத் துடக்கிருக்கோ?"

"துடக்கில்லை அன்ரி. ஒரு மரியாதை."

"என்ரை கறிவேப்பிலைக் கண்டு இந்த வின்ரர் முழுக்க வெயிலைக் காணேல்லை. இப்பதான் ஒரு துளிர் விடுது. அதைப் போய் இருட்டிலை வைக்கச் சொல்லுறாய்."

"கொஞ்ச நேரந்தான் அன்ரி."

"பாப்பம், பாப்பம். ஞாபகம் இருந்தாத்தானே."

இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த சண்முகநாதன் அண்ணை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "என்ரை யன்னல் எந்த நாளும் பெட்சீற்றாலை மூடித்தானே கிடக்குது, தங்கச்சி. இஞ்சை தினமும் செத்தவீடுதான். அதையும் கணக்கிலை சேர்." சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகை வந்தது.

மற்றக் கதவுகளில் பார்க்கும் துளை ஒருதரம் இருண்டு பிறகு வெளித்தது. யாரும் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கறுப்பு வண்டி வந்தது. எங்கள் கட்டடம் ஒரு மூலையில் மடிந்து நிற்பதால் என் யன்னலிலிருந்து மற்றப் பக்கத்து யன்னல்கள் தெரியும். எப்போதும் மூடிக் கிடக்கும் ஒன்றைத் தவிர எல்லாம் திறந்து கிடந்தன. கறிவேப்பிலைக் கண்டு வெயில் குடித்தது. சண்முகநாதன் அண்ணையின் படுக்கை விரிப்பில் மஞ்சள் வாத்துக்கள் நீந்தின. பின்னால் வந்த காரின் கண்ணாடியில் டொறத்தியின் முகம் மேலே திரும்பியது. இத்தனை யன்னல்களில், தன் வீட்டுக்கு அடுத்ததாக, அவருக்கு இடம் தெரிந்தது என்னுடையது ஒன்று. அவர் பார்த்தது அதைத்தான்.

கஸ்பர், இது உங்களுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு சீலையைப் பிடித்தேன். நெடுநாள் அசையாத கொக்கிகள் இறுகியிருந்தன. பலங்கொண்டு இழுத்தேன். தூசி கொட்டியது, அறை இருண்டது.

பின்னால் ஏஞ்சலா பல் துலக்கிய நுரை வாயோடு நின்றாள். டொறத்தி அவளுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அம்மா, அப்பாவோ?"

"இல்லையம்மா. வில்பிரட் அங்கிளுக்கு."

"அப்பாவுக்கு இல்லையெண்டா திறவுங்கோ."

"வண்டி போனாப் பிறகுதான் திறக்கவேணும்."

"வண்டி போயிட்டுதோ?"

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். டொறத்தியின் ஊரில் என்றால் சக்கரம் உருளுவது கேட்டிருக்கும். நடப்பவர்களின் காலடி ஓய்ந்ததும் திறந்திருப்பார்கள். ஆறாம் மாடிக்கு ஒரு சத்தமும் ஏறிவரவில்லை. விலக்கிப் பார்க்கலாம். ஆனால் வண்டி இன்னும் கீழே நின்றால், டொறத்திக்காக இன்னொருவர் மூடிய ஒரேயொரு யன்னல் அவர் கண்முன்னே திறந்துவிடும். விலக்காவிட்டால் என் வீட்டில் சாவு நடந்துகொண்டே இருக்கும்.

"அம்மா, திறவுங்கோ," ஏஞ்சலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவர் போயிட்டாரோ இல்லையோ? சொல்லுங்கோ."

சீலையின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.