நாலு விரல் உயர்ந்த கோடு

கால் நனைந்தபோதுதான் பெயிண்டருக்கு உறைத்தது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுப் படகின் அறைக்குள் இறங்கியவனுக்கு முன்னால் தரைப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன.

"குடிதண்ணி டேங்க் ஒழுகுதோ என்னமோ," என்றான், தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்வதைப் போல.

மனைவி குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். "உப்பு. கடலையே வாடகையில்லாம குடி வச்சிருக்கோம்."

மேல்படுக்கையில் எட்டு வயது மகள் மிதவைச் சட்டையோடு பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அந்தப் பாய்மரப் படகு அவனைவிட இரண்டு வயது மூத்தது. ஒரு குடும்பம் அதில் ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போய்ப் படகுப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனது. அங்கே படகுகளைச் சுரண்டி வர்ணம் அடிப்பதுதான் அவன் வேலை. குடியிருந்த அறை கைவிட்டுப் போனபோது, "எடுத்துட்டுப் போய்த் தொலை" என்று முதலாளி கொடுத்தார். இருபது மாதமாக அதுதான் வீடு. இப்போது பட்டறையையே மூடுகிறார்கள். எதிர்க்கரைத் துறையில் இடம் கேட்டு வாங்கி, காலையில் புறப்பட்டார்கள். முக்கால் தூரம் வந்தாயிற்று. துறையின் சுவர் கண்ணில் படுகிறது. இதற்குள் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. பம்ப் கொஞ்ச நேரம் முனகியது. பேட்டரி மூழ்கியதும் அதுவும் அடங்கியது.

அதன் பிறகுதான் தண்ணீர் வேகமெடுத்தது. அவன் அடியில் கைவிட்டுப் பம்பைத் தூக்கினான். நின்றுபோன பம்பின் வாயிலிருந்து குழாயைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர் கொட்டியது. வெளியே தள்ளுகிற வழியாகவே கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தான். முப்பத்தெட்டு வருட எஞ்சின் சூடு கண்ட ரப்பர், எஞ்சினுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில், காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தது.

குழாய் போய் முடியும் ஓட்டை இடப்பக்கம், நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டியது. காற்றில் படகு இடப்பக்கம் சாய்ந்தாலும் அது மூழ்கக் கூடாது. மூழ்கியிருக்கிறது என்றால் ஏன் என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் பட்டறை மெக்கானிக், "பெயிண்டரே, கோடு முங்கிருச்சு. குடித்தனத்தைக் கொஞ்சம் இறக்குய்யா," என்றார். பின்பக்க அறைகளில் தையல் மெஷின், இரும்புக் கட்டில் கால்கள், பட்டறையிலிருந்து கொண்டுவந்த வர்ண டின்கள். எதை இறக்குவது? இறக்கி எங்கே வைப்பது? படகைக் கரையேற்றியபோது, இதற்கு மேல் படகு அமிழக் கூடாது என்று காட்டும் நீலக் கோட்டை, எதையும் இறக்காமலே, நாலு விரல் மேலே தள்ளி அடித்துவிட்டான். பார்க்க அம்சமாக இருந்தது.

மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். படகைத் திருப்பினான். பாய் தலைக்கு மேலே படபடத்து மறுபக்கம் அறைந்தது. துறையின் சுவர் முதுகுக்குப் பின்னால் போனது.

"கரை அங்க இருக்கு! எங்க போற?" மனைவி கத்தினாள்.

"இந்தப் பக்கம் சாஞ்சாத்தான் ஓட்டை மேல வரும். அடைச்சிட்டுத் திரும்பிடலாம். கோட்டை நான்தான் ஏத்திப் போட்டேன்."

"எந்தக் கோட்டை?"

சொன்னான். அவள் அவனையே பார்த்தாள். "ஊர் படகுக்கெல்லாம் ஒழுங்கா அடிச்ச. உம்புள்ள படுக்குற படகுலதான் உன் கைவரிசையக் காட்டுனியா?"

சுக்கானைக் காலால் முட்டுக்கொடுத்து, அவன் இடுப்பு பெல்ட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். தலைகீழாகத் தொங்கி, வர்ண பிரஷின் கட்டைப்பிடியில் சட்டைத் துணியைச் சுற்றி ஓட்டைக்குள் திணித்தான். உள்ளங்கையால் அடித்தான். தோல் கிழிந்தது. பிரஷின் மயிர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மறுபடி கரைப்பக்கம் திருப்பினார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்தது. பிரஷ் நீருக்குள் போனது. உள்ளே ஓட்டம் நிற்கவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான். பம்ப் செத்துவிட்டதால் வாளிதான் கதி. மகள் கீழே இறங்கி, யாரும் சொல்லாமலே ஒரு சட்டியால் மொண்டு கொடுக்கத் தொடங்கினாள். துறையின் சுவர் வளரவே மாட்டேன் என்றது.

மனைவி வாளியைப் போட்டுவிட்டுப் பின்பக்க அறையைத் திறந்தாள். வர்ண டின்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போயின. கட்டில் கால்கள் போயின. "பிரஷ் மேல வந்துச்சா?"

அவன் எட்டிப் பார்த்தான். பச்சைத் தண்ணீருக்குள் பிரஷின் மயிர் ஆடியது. "இல்ல."

தையல் மெஷினை இழுத்து விளிம்பில் வைத்தாள். அவள் கையால் சம்பாதித்து வாங்கியது அது ஒன்றுதான்.

"அது வேணாம்," என்றான்.

"வேணாமா? அப்ப இன்னொரு கோடு போடுறியா?" என்று தள்ளினாள். தண்ணீர் மேலே தெறித்தது. "இப்பப் பாரு."

பார்த்தான். மயிரின் நுனிக்கு மேல் இன்னும் இரண்டு விரல் தண்ணீர்.

"இன்னும் வரல," என்றான். அவள் அடுத்ததை எடுக்க உள்ளே போனாள்.