தாஹிர் மகன் ருஸ்தெம், வயது மூன்று

1

“பதிவுல என்ன பேரு இருக்கோ அதத்தான் கல்லுல…”

“பதிவுல இருக்கறவன் சின்னப் பிள்ளையிலயே செத்தவன், அண்ணே.”

“என்னப் பேச விடு.”

“மூணு வயசுப் பிள்ளையச் சண்டைக்கு அனுப்பின ஊருன்னு எழுதி வைக்கவா?”

“விடுடின்னா. வியாழக்கிழமை கல்தச்சன் வந்துருவான். ஆளுக்கு ஒரு வரிதான்னு ஊர்த்தலைவர் சொல்லிட்டார்.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, தொலைபேசி வழியாக. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கண்ணில் தெரியுமாம். எழுபத்தெட்டு வயதாகியும் எனக்குக் காதில்தான் விழுகிறது. முதல் குரல் என் அண்ணன் ஷாகிர். துருக்கியின் வடக்கே, கஸ்தமோனு மலைப்பக்கம் எங்கள் ஊரிலேயே இருப்பவர். அடுத்த குரல் நான், தலைநகர் அங்காராவில் என் சமையலறையில். பேச்சு எங்கள் பெரியப்பாவைப் பற்றியது. முதல் உலகப் போரில், 1915இல், சானக்கலே போர்முனைக்குப் போனவர் திரும்பவில்லை. ஊர் நீரூற்றின் மேல் சலவைக்கல் பதித்து, அப்படிப் போனவர்களின் பெயர்களை வெட்டப்போகிறார்கள். பெரியப்பாவுக்கு எந்தப் பெயர்?

2

நீங்கள் தடுமாறக் கூடாது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா தாஹிருக்கு முதலில் பிறந்தவன் ருஸ்தெம். மூன்று வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டான். சாவைப் பதிய வேண்டுமென்றால் கழுதை மேல் இரண்டு நாள் பயணம். யார் போவது? அடுத்த ஆண்பிள்ளை பிறந்ததும் செத்தவனின் பிறப்புப் பதிவுக் காகிதத்தையே இவனுக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. வீட்டில் மட்டும் அவனை துர்சுன் என்று கூப்பிட்டார்கள். ‘இருக்கட்டும்’ என்று பொருள். இவனாவது.

காகிதத்துக்கு இருபத்தொரு வயதானபோது படையிலிருந்து அழைப்பு வந்தது. துர்சுனுக்கு அப்போது பதினைந்து.

3

ஆவணங்களைத் தேடி இரண்டு வருடம் அலைந்தேன். கிடைத்தவை மூன்று. மருத்துவமனை ஏட்டின்படி தாஹிர் மகன் ருஸ்தெம் 1915 ஆகஸ்டில் இறந்தான். படைப்பிரிவுப் பட்டியலின்படி அதே ஆள் 1916இல் தப்பி ஓடினான். குடிமக்கள் பதிவிலோ அவன் இன்னும் உயிரோடிருக்கிறான், நூற்று முப்பது வயதில்.*

துர்சுன் எதிலும் இல்லை.

[* பழைய அரபு எழுத்தைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவமனை ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வயதுக்கான கட்டத்தில் 21ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதியிருக்கிறதாம். “பேனா சறுக்கியிருக்கும்மா” என்றார். சறுக்கிய பேனா கோடு போட்டு அடிக்குமா என்று நான் கேட்கவில்லை.]

4

முதல் தொடக்கம்: துர்சுன் வாசலில் குனிந்து செருப்பின் வாரை இறுக்கியபோது அவன் அம்மா

(வேண்டாம். அம்மா அழுவாள். எல்லாக் கதையிலும் அழுகிறாள்.)

இரண்டாம் தொடக்கம்: அதிகாரி பட்டியலைப் பிரித்து, “தாஹிர் மகன் ருஸ்தெம்” என்று கூப்பிட்டார். துர்சுன் வாய் திறப்பதற்குள், வரிசையில் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு குரல், “இங்க இருக்கேன்” என்று

அடித்தேன். காட்சியைக் கப்பலுக்கு மாற்றினேன். அங்கேயும் அதே பெயரைக் கூப்பிட்டார்கள், அதே குரல் முந்திக்கொண்டது. மருத்துவமனைக் கட்டிலுக்கு மாற்றினேன். அங்கேயும். பயந்த குரல் இல்லை அது. சாப்பிடக் கூப்பிட்டால் ஓடிவரும் பிள்ளையின் குரல், அவ்வளவு சந்தோஷம்.

என் பாத்திரம்தானே என்ற உரிமையில் துர்சுனிடமே கேட்டேன், நீ ஏன் வாயைத் திறப்பதில்லை என்று.

“என்னை இன்னும் யாரும் கூப்பிடலையே” என்றான்.

5

கல்லுக்காக நான் ஏன் மல்லுக்கு நிற்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஆண்டுதோறும் மார்ச்சில், போர் நினைவு நாளன்று, அந்தப் பெயர்களை உரக்க வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே சேர்ந்து ‘இங்கே’ என்று பதில் சொல்லும். கல்லில் இல்லாதவனை எந்த மார்ச்சிலும் யாரும் கூப்பிடப்போவதில்லை.

முடிவு அ: ‘துர்சுன்’ என்று வெட்டுகிறார்கள். (ஊர்த்தலைவர் ஆவணம் கேட்கிறார். இல்லை.)

முடிவு ஆ: ‘ருஸ்தெம்’ என்று வெட்டுகிறார்கள். வருடா வருடம் கூப்பிடுகிறார்கள். கூப்பிடக் கூப்பிட அந்தப் பிள்ளை எழுந்து

முடிவு இ: இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி மறுபடி அடித்தது.

6

இன்று மத்தியானம். அடுப்பில் தேநீர்க் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. அண்ணன் நலம்கூட விசாரிக்கவில்லை.

“உன் புத்தக அட்டையில யாரு பேரு இருக்கு?”



உங்களிடம் இதுவரை மறைத்தது இதைத்தான். அட்டையில் இருப்பது நிகார். எனக்கு முன்னால் பிறந்து இரண்டு வயதில் அம்மையில் போன அக்காவின் பெயர் அது. பள்ளிக்கூடம், கல்யாணம், ஓய்வூதியம், பதினோரு புத்தகங்கள், எல்லாம் அவள் காகிதத்தில்தான் நடந்தன. வீட்டில் மட்டும் நான் யாஷர். ‘வாழ்வாள்’ என்று வைத்த பெயர். இத்தனை வருடத்தில் அண்ணன் ஒரு தடவைகூட என்னை நிகார் என்று கூப்பிட்டதில்லை. அவளைத் தூக்கி விளையாடியவர் அவர்.

“அவ பேர்ல எழுபது வருஷமா நீ சோறு தின்னல? ஒண்ணும் ஆகலயே. அப்ப ருஸ்தெமும் வெறும் பேருதான். வெட்டிர வேண்டியதுதான்.”

வெறும் பெயர் இல்லை, அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். அண்ணன் சிரித்தார். கதை எழுதி எழுதி எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்.

“சரி, ஒரு பந்தயம். இப்பக் கூப்பிட்டுப் பாக்கறேன். பதில் வரலன்னா ருஸ்தெம். வந்துச்சுன்னா ஊர்த்தலைவர்கிட்ட நானே சண்ட போட்டு துர்சுன்னு வெட்ட வைக்கறேன்.”

பக்கத்து அறையில் விளையாடும் பிள்ளையை அழைப்பதுபோல மெல்லக் கூப்பிட்டார்.

“நிகார்…”

என் ஒரு கையில் பேனா, மறு கையில் தொலைபேசி. உதடு மூடியே இருந்தது. இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள்தான் சாட்சி. கெண்டியின் முனகல் நின்றிருந்தது. அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, வெகு நேரம்.

பிறகு, நான் அறியாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்:

“யாஷர்… ‘இங்க இருக்கேன்’னு இப்பச் சொன்னது நீதானே?”