சிவப்புப் புள்ளி சக் பக்கம்

"நேர்கோடு என்பது இயற்கையில் கிடையாது, அதை மனிதன்தான் தவமிருந்து பெற்றான்" என்று பட்டறை வாசலில் நின்று மேடைத் தமிழில் அறிவித்தார் மைக்ரான். அறிவித்தபோது அவருடைய சட்டைப் பித்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன.

மைக்ரான் என்பது ஊர் வைத்த பெயர். ஒரு பெரிய தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தலைமுடியின் தடிமனை எழுபது கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான் என்று வழுக்கைத் தலையர்களிடம்கூட விளக்குவார். அவர் மகனுக்குத்தான் பட்டறைக்காரர் தன் மகளைக் கொடுத்திருந்தார். கொடுத்த நாளிலிருந்து சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்று முழு மரியாதையோடு வெறுத்து வந்தார்கள்.

பட்டறைக்காரரின் உயிர் ஒரு பழைய லேத்தில் இருந்தது. முப்பத்தோரு வருடம் அவர் வயிறு உரசி உரசி அதன் முன்பக்கத்து பெயின்ட் போயிருந்தது. பெயின்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. லேத்தில் வெட்டும் உளியைச் சுமந்து போவது சேடில். அது தண்டவாளம் போன்ற இரண்டு வழிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழிகள், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் தேய்ந்து குழி விழுந்துவிட்டன. உருளையாகக் கடையப் போட்டது கேரட்டாக வெளியே வந்தது.

பட்டறையை இனி மகளும் மருமகனும் நடத்துவதென்று முடிவாகியிருந்தது. மகள் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். பொய் சொன்னாலும் மூன்று இடத்தில் அளந்துவிட்டுத்தான் சொல்வாள். கேரட் கடையும் லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை; அதாவது, வீட்டில் சாப்பிடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. வழிகளைச் சரிசெய்து, ஓர் அடி நீள உருளையைப் பத்து மைக்ரான் வித்தியாசத்துக்குள் கடைந்து காட்டினால் லேத் இருக்கும். இல்லாவிட்டால் லாரி வரும்.

குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மைக்ரான் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, அந்த லேத்தைக் கையால சுரண்டி நேராக்க இந்தப் பக்கத்துல ஒரே ஆள்தான் இருக்கான். அந்த ஆள் இப்ப சோத்துல கை வச்சிருக்கான்."

"சுரண்டறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏதுங்க சம்பந்தி" என்றார் பட்டறைக்காரர். மகள் இருவர் தட்டிலும் ஆளுக்கொரு கரண்டி சோற்றைத் தட்டி வாயை அடைத்தாள்.

மறுநாள் மைக்ரான் வெல்வெட் விரித்த ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே நேர் பார்க்கும் கோலான ஸ்ட்ரெயிட் எட்ஜ்: ஒரு மீட்டர் நீளத்தில், அடிப்பக்கம் மழமழவென்று ஒரு வார்ப்பிரும்புப் பாளம். ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலை அவருக்கே கொடுத்துவிட்டதாம். நல்ல பாளத்தை ஏன் கொடுத்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை.

வேலை சுலபம்தான், முடிவதுதான் இல்லை. பாளத்தின் அடியில் நீல மையை மெலிதாகப் பூசி, வழியின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் நீண்ட ஸ்கிராப்பரை இடுப்பில் முட்டுக்கொடுத்துச் சுரண்ட வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வழி முழுக்க நீலம் தூவினாற்போல் விழும்வரை இதே கதை. பாளம் எப்படியோ, வழியும் அப்படி.

பாளத்தின் ஒரு முனையில் சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. புள்ளி எப்போதும் சக் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது மைக்ரானின் சட்டம். ஏன் மாமா என்று கேட்ட மருமகளிடம், இதையெல்லாம் கேட்கக் கூடாது, அனுபவிக்க வேண்டும் என்றார். பட்டறைக்காரரைப் பாளத்தைத் தொடவே விடவில்லை. கண்ட கையின் வேர்வை பட்டால் இரும்பு மனம் மாறிவிடுமாம். பட்டறைக்காரர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சம்பந்தியின் இடுப்புவலியை அணு அணுவாக ரசித்தார்.

ஒன்பதாம் நாள் முதல் வழி முடிந்தது. மைக்ரான் சாப்பிடப் போனார். பட்டறைக்காரர் பாளத்தை எடுத்தார், வேண்டுமென்றே உள்ளங்கையை அழுத்தி வைத்து. நீலம் பூசி, புள்ளி எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பி வைத்துத் தேய்த்தார். சற்றுமுன் சீராக விழுந்த நீலம் இப்போது இரண்டு இடத்தில் திட்டாக ஒட்டியது. இடையில் ஒரு முழம் வெறும் இரும்பு. நேரான பாளமென்றால் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி விழ வேண்டும். பாளமே கோணல். ஒரே பக்கமாக வைத்து வைத்து, மைக்ரான் அந்தக் கோணலை லேத்தில் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் நீலத்தைத் துடைத்தார். பாளத்தைப் பழையபடி வைத்தார். அன்று மதியம் அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த இருபத்திரண்டு நாள் அவர் வாயிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டுங்க சம்பந்தி என்று ஊக்கம் வேறு கொடுத்தார். மைக்ரான் அதைச் சரணாகதி என்று எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வழிகளின் மேல் பிறை பிறையாக அலங்காரக் கீறலும் போட்டார். மீன் செதில்போல் பளபளத்தது. பார்த்தவர்கள் தொட்டுக் கும்பிடாத குறை.

சோதனை நாளன்று சேடிலை ஏற்றி ஓர் அடி உருளையைக் கடைந்தார்கள். மகள் மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளந்தாள், மறுபடியும் அளந்தாள். நடுவில் நாற்பது மைக்ரான் பருத்திருந்தது. கேரட் போய்ப் பீப்பாய் வந்திருந்தது.

அறை சூடாக இருக்கிறது என்றார் மைக்ரான். மைக்ரோமீட்டர் சரியில்லை என்றார். மின்விசிறிக் காற்று இரும்பைக் குளிர வைத்துவிட்டது என்றார். மின்விசிறி ஓடவில்லை.

அதற்கு மேல் பட்டறைக்காரரால் பொறுக்க முடியவில்லை. பாளத்தை எடுத்து, நீலம் பூசி, திருப்பி வைத்துத் தேய்த்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "முப்பது வருஷம் டூல் ரூம்ல இருந்தவருக்குத் தன் கோல் கோணல்னு தெரியல. எனக்கு ஒன்பதாம் நாளே தெரியும்."

மைக்ரான் பாளத்தைப் பிடுங்கி, புள்ளியை மறுபடி சக் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்ப ஒரு வழிதானேப்பா சுரண்டியிருந்தாரு" என்றாள் மகள். "அன்னிக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருக்கலாமே."

"சொன்னா மட்டும் இவர் திருந்திடுவாரா?"

"மாமா திருந்த வேணாம்பா. லேத் திருந்தியிருக்கும்."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்கிறவன், அறுத்ததும் முதலில் கத்தியின் கூர்மையைத்தான் மெச்சுவான். மகள் சொன்னது பட்டறைக்காரர் காதில் விழவே இல்லை. இனியும் சுரண்டினால் சேடில் இறங்கிப்போய், கீழே ஓடும் திருகுத்தண்டு உரசும் என்று மைக்ரானே முணுமுணுத்தார். மகள் லாரிக்குச் சொல்லிவிட்டாள்.

பட்டறைக்காரர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சம்பந்தியின் கோணலை, புள்ளியிலிருந்து பீப்பாய்வரை, ஒவ்வொரு உறவுக்காரராகக் கூப்பிட்டு விவரித்தார். ஏழு பேர் சிரித்தார்கள். எட்டாவது ஆள் அவருடைய அண்ணன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிடா, உன் லேத் என்னாச்சு?" என்றார்.

லேத் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.